சிறுபோகக் கூட்டத்தில் வைக்கோலுக்கும் ஒரு திகதி குறியுங்கள்

மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்துக்கும், நீர்ப்பாசன, கமநல அபிவிருத்தி, விவசாயத் திணைக்கள அதிகாரிகளுக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடும் வட்டவிதானைமாருக்கும்

மதிப்புக்குரியீர்,

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் மாடு அகற்றும் திகதி, முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, எந்த வயது நெல் என்பதெல்லாம் முடிவாகின்றன. முந்திய போகத்து வைக்கோலைப் பற்றி மட்டும் அங்கே பேச்சில்லை. வாய்க்காலில் எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர் வரும் என்பதும் போகம் தொடங்கிய பிறகே பலருக்குத் தெரிகிறது. குளத்து நீரை நம்பிச் செய்யும் வரும் சிறுபோகத்தில் இந்த இரண்டையும், வயல் தொகுதிகளான கண்டம் கண்டமாக முடிவெடுத்து எழுதிவைக்கும்படி கேட்கிறோம். ஒரு கமக்காரன் தனியே நின்று செய்யக்கூடியவை அல்ல இவை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை விலக்கியது. அந்தப் போகத்து மஞ்சள் வயல்களை மறக்காதவர்களிடம் மண்வளம் என்று பேச்செடுத்தாலே பயம் வருகிறது. உரத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வயலில் ஏற்கெனவே கிடப்பதை எரிக்காதிருக்க வழிசெய்யுங்கள் என்கிறோம்.

கணக்கு இதுதான். ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் விளைந்தால் ஏறத்தாழ அதே எடை வைக்கோலும் விளையும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொற்றாசியமும் இருக்கும். அப்படியென்றால் ஓர் ஏக்கர் வைக்கோலில் ஒரு 50 கிலோ எம்.ஓ.பி. (பொற்றாசிய உரம்) மூடைக்குச் சமமான பொற்றாசியம் கிடக்கிறது. தீ வைத்தால் நைதரசன் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். பொசுபரசில் காற்பங்கும் பொற்றாசியத்தில் ஐந்திலொன்றும் போகும். மிஞ்சும் சாம்பலும் வெட்டு மெஷின் போட்ட வரிசைகளிலேயே குவிந்திருப்பதால் வயலின் மற்றப் பக்கத்துக்கு அதனால் பயனில்லை. எங்கள் வெயிலில் மண்ணின் சேதனப் பொருள் விரைவாக அழியும். போகத்துக்குப் போகம் திருப்பிக் கொடுக்காத மண்ணில் உரமும் தண்ணீரும் நிற்பதில்லை.

ஏன் எரிக்கிறார்கள்? மெஷின் வைக்கோலைத் தடித்த வரிசையாகப் போட்டுவிட்டுப் போகிறது. உழும்போது அது கலப்பையில் சுற்றிக்கொள்ளும். எரித்தால் ஒரே நாளில் காணி துப்புரவாகிவிடும். ஆகவே வேலை தொடங்கவேண்டிய இடம் மெஷின்தான். பின்புறம் வைக்கோலை நறுக்கித் தூவும் பொறி பூட்டிய மெஷின்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அது இல்லாத இடத்தில், வெட்டிய இரண்டொரு நாளில், வைக்கோல் காய்ந்து கலகலப்பாக இருக்கும்போதே வாரியால் வயலெங்கும் பரப்பவேண்டும். மழைக்காலப் பெரும்போக வெட்டு முடிந்ததும் மண்ணில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் நாலு அங்குலத்துக்கு மேற்படாமல் உழுது மூடவேண்டும். ஆழமாகப் புதைத்தால் காற்றில்லாமல் உக்காது. மாட்டெருவோ கிளிரிசீடியா மரத்து இலையோ சேர்த்து உழுதால் விரைவில் உக்கும்.

பிழை நடப்பது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். வைக்கோலை மூடி இரண்டு மூன்று கிழமை கழியாமல் விதைத்தால், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். கமக்காரர் உடனே யூரியாவைக் கூட்டிப் போடுவார். வயலில் கால் வைத்ததும் குமிழி கிளம்பி அழுகிய முட்டை மணம் வந்தால், பயிரைப் பிடுங்கிப் பார்க்க வேர் கறுத்திருந்தால், அங்கே தேவை யூரியா அல்ல. வரம்பில் தண்ணீர் போகும் வெட்டாகிய வக்கடையைத் திறந்து தண்ணீரை வடித்து, மண் மேலே மெல்லிய வெடிப்பு விடும்வரை காயவிட வேண்டும். முதல் தண்ணீருக்கும் விதைப்புக்கும் இடையே குறைந்தது 15 நாள் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். எரிபந்தம் என்ற நெல் நோய் கடுமையாக விழுந்த வயலின் வைக்கோலை மட்டும் உழுது மூடாமல் வரம்போரம் குவித்து, எருவும் தண்ணீரும் சேர்த்து, மாதமொருமுறை புரட்டிக் கூட்டெருவாக்கலாம்.

மாட்டுக்கும் வைக்கோல் வேண்டும் என்பது நியாயம். ஒரு பங்கை மாட்டுப் பட்டிக்காரர் எடுத்துக்கொண்டு, உழவு வரைக்கும் அதே வயலில் இரவில் மாடுகளை அடைத்துப் பட்டி கட்டினால் சாணமும் சலமும் காணிக்கே வரும். பட்டி இரண்டு மூன்று இரவுக்கொருமுறை இடம் மாறவேண்டும். மாறாவிட்டால் ஒரு மூலையில் பயிர் கொழுத்துச் சாயும், மற்றப் பக்கம் மெலியும். இந்த உடன்படிக்கையை மாடு அகற்றும் திகதியோடு சேர்த்தே பேசலாம்.

இனித் தண்ணீர். உன்னிச்சைக் குளத்து நீர் வயலுக்கும் வேண்டும், மட்டக்களப்பு நகரத்துக் குடிநீருக்கும் வேண்டும். நெல்லுக்குப் போகம் முழுவதும் தேங்கிய நீர் தேவையில்லை. மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, ஒரு அடி நீளம், நாலு முதல் ஆறு அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் முக்கால் அங்குல இடைவெளியில் 5 மில்லிமீற்றர் துளைகள் இட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளேயுள்ள மண்ணை அள்ளிவிடுங்கள். அள்ளாவிட்டால் அது காட்டும் அளவு பொய். வரம்பிலிருந்து சற்றுத் தள்ளி, மேடும் பள்ளமும் அல்லாத இடத்தில் வையுங்கள். விதைத்து மூன்று கிழமைக்குப் பிறகு, குழாய்க்குள் நீர் நிலமட்டத்திலிருந்து ஆறு அங்குலம் இறங்கியதும் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் காயவிடவே கூடாது; விட்டால் பதர்தான். களையை முதல் மூன்று கிழமைக்குள் அடக்கியிருக்க வேண்டும். நண்டுப் பொந்தும் எலி வளையும் அடைபடாத வரம்பில் இந்த முறை பலிக்காது.

எங்கள் கண்டங்களில் வயலிலிருந்து வயலுக்கு வக்கடை வழியாகத் தண்ணீர் போகிறது. மேல்காணிக்காரர் காயவிட நினைத்தாலும் கீழ்காணிக்குப் போகும் தண்ணீர் அவர் வயலை நனைத்துக்கொண்டேதான் போகும். அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் கிடைத்தபோது நிரப்பி வைப்பார். அதில் குற்றம் சொல்ல இடமில்லை. தண்ணீர் முறை எழுத்தில் இருந்து, அந்த நாளில் தவறாமல் வந்தால்தான் குழாயை நம்பி ஒருவர் காத்திருப்பார். ஆகவே ஒரு வாய்க்காலின் கீழுள்ள முழுக் கண்டமும் ஒரே முறையில் சேரவேண்டும். மணல் கூடிய காணியில் நீர் விரைவாக இறங்கும் என்பதால் அங்கே இடைவெளி குறைய வேண்டும். வாவியோரத்து உவர் வயல்களில் காயவிடவே வேண்டாம், உப்பு மேலே ஏறும்.

களுதாவளை போன்ற, வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை மணல் தோட்டங்களுக்கு வேறு வழி. கூட்டெரு அங்கே ஒரு போகத்தில் கரைந்துவிடும், உமிக்கரி நிற்கும். சதுர மீற்றருக்கு ஒரு கிலோ உமிக்கரியை அதேயளவு கூட்டெருவுடன் பிசறி, ஒரு கிழமை ஈரத்தில் வைத்துப் போடவேண்டும். வெறும் கரியைப் போட்டால் முதற்பயிரின் சத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆலைகளின் உமி இதற்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கூட்ட அறிக்கையில் நாங்கள் காண விரும்புவது: ஒவ்வொரு கண்டத்துக்கும் வைக்கோல் பரப்பி உழுது முடிக்கும் திகதி, அந்தத் திகதிவரை எரிக்காதிருக்க அமைப்பின் பொறுப்பு, முதல் தண்ணீருக்கும் விதைப்புக்கும் இடையே 15 நாள், வாய்க்கால் வாரியாகத் தண்ணீர் முறை. எல்லாக் கண்டத்திலும் ஒரே போகத்தில் முடியாது என்பது தெரியும். குளத்துக்கு ஒரு வாய்க்காலையாவது இந்தச் சிறுபோகத்தில் தெரிந்தெடுத்து, அதன் வட்டவிதானையிடம் குழாய்களையும் தண்ணீர் முறைப் பட்டியலையும் முதல் தண்ணீருக்கு முன்னரே கையளியுங்கள்.

இப்படிக்கு,
வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயற்கண்டங்களில் வேளாண்மை செய்வோர்