செயலாளரின் ஆண்டறிக்கை: நம் மடற்குழுவும் அதில் இருக்கும் முறையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் என்று தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பயணங்களை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகேந்திரவாடிக் குடைவரைக்கும் வள்ளிமலைக்கும் போய் வந்தோம். ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் சந்திப்பில் இருக்கும் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை வைத்தோம். ஆர்மாமலைக் குகைக்கான பயணம் மழையால் நின்றுபோனது. அதை மறுபடி வைக்க வேண்டும்.

மீதி அறிக்கை முழுவதும் நம் மடற்குழுவை, அதாவது நம் மின்னஞ்சல் குழுவைப் பற்றித்தான். இந்த ஆண்டு என்னிடம் வந்த போன்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது நாமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்துக்காரர்கள் ஆகிவிட்டோம். மாதக் கூட்டத்துக்கு வருவோர் குறைந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரே சங்கமாக நம்மை வைத்திருப்பது இந்த மின்னஞ்சல் குழுதான். வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று புதியவர்கள் கேட்கிறார்கள். ஒரு நடுகல்லின் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போய், கல்லில் இருக்கும் எழுத்து மங்கிவிடுகிறது. மறுநாள் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் அதுவும் காணாமல் போகிறது. மடற்குழுவிலோ ஒரு பேச்சும் அதற்கு வரும் பதில்களும் ஒரே இழையாகச் சேர்ந்து நிற்கும். ஐந்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். மழைக்காலத்தில், குடியாத்தம் பக்கத்து நடுகல் ஒன்றில் ஓர் எழுத்தை எப்படிப் படிப்பது என்று இரண்டு நாள் விடாமல் மடல்கள் பறந்தன. எனக்கு அவை ஒவ்வொன்றும் பொக்கிஷம். நடுவில் ஓர் உறுப்பினர் ‘என் பெயரை நீக்கவும்’ என்று எழுதினார். அது எனக்கு மட்டும் வரவில்லை, குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் போயிற்று. ‘என் பெயரையும்’ என்று இன்னொருவர். ‘எல்லோருக்கும் இப்படி எழுதாதீர்கள்’ என்று வேறொருவர், அதையும் எல்லோருக்கும். பொழுது சாய்வதற்குள் அந்தக் கல்லைப் பற்றிய பேச்சே நின்றுபோனது.

மறுநாள் அவர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். உண்மையிலேயே விலக நினைத்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் சொன்னது ஒன்றுதான்: “சார், ராத்திரியெல்லாம் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு.” அவர்களுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் அமைதி. அதற்கு வழி இருக்கிறது என்பதை நாங்கள் ஒழுங்காகச் சொல்லாமல் விட்டுவிட்டோம். இது நிர்வாகக் குழுவின் குறை.

நம் குழு இருப்பது கூகுள் குழுமத்தில் (Google Groups). அதில் மடல் வரும் விதத்தை அவரவரே மாற்றிக்கொள்ளலாம். எழுதப்படும் ஒவ்வொரு மடலும் உடனே வருவது ஒரு வகை. தொகுப்பு என்று ஒன்று உண்டு. 25 மடல்கள் வரை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். நாளுக்கு ஒரு முறை சுருக்கம் மட்டும் வரும்படியும் வைக்கலாம். மடலே வேண்டாம் என்றும் வைக்கலாம். அப்படி வைத்தாலும் நீங்கள் உறுப்பினர்தான், நேரம் கிடைக்கும்போது குழுமப் பக்கத்தைத் திறந்து படிக்கலாம். மகள் வீட்டுக்கு, யாத்திரைக்கு என்று போகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். என்னைக் கேட்டால், வயதான கண்களுக்குத் தொகுப்புதான் நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: தொகுப்பிலிருந்து பதில் எழுதும்போது தலைப்பில் தொகுப்பின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அழித்துவிட்டு, பேசுகிற விஷயத்தின் தலைப்பைப் போடுங்கள். கீழே தொங்கும் பழைய மடல்களையும் வெட்டிவிடுங்கள்.

விலகத்தான் வேண்டும் என்றால், குழு முகவரியில் @ குறிக்கு முன்னால் கூட்டல் குறியும் அன்சப்ஸ்கிரைப் (unsubscribe) என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து, அந்த முகவரிக்கு ஒரு வெற்று மடல் போட்டால் போதும். உறுதி கேட்டு மடல் வந்தால் அதற்கும் பதில் போடுங்கள். பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். சேர்ந்தது பழைய ஆபீஸ் முகவரியில், விலக எழுதுவது புது முகவரியிலிருந்து. எந்த முகவரிக்கு மடல் வருகிறதோ அதிலிருந்தே எழுத வேண்டும். கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு கூட்ட அறிவிப்பே வரவில்லை என்று வருந்தியவர்களும் உண்டு. அவர்கள் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு மூத்த உறுப்பினரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று மாதமாக மடல் வரவில்லை, சங்கம் தன்னைக் கழற்றிவிட்டது என்று மனம் நொந்துபோயிருந்தார். கோட்டைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஜிமெயிலுக்கும் படங்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் நிரம்பியிருந்தது. பேரன் கல்யாண வீடியோ மட்டும் ஏழெட்டு இருந்தது. நாம் அனுப்பிய மடல்கள் உள்ளே போக இடமில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வீடியோவாக அவரிடம் கேட்டுக் கேட்டு அழித்தோம். தாலி கட்டும் வீடியோவை மட்டும் அழிக்க அவர் விடவில்லை. அன்று ராத்திரியே அவருக்கு மடல் வந்தது. “ஐயா, வந்துடுச்சு” என்று பத்து மணிக்குப் போன் செய்தார்.

அப்புறம் இன்னொருவர். சத்தம் தாங்காமல் மழைக்காலத்திலேயே விலகிவிட்டவர், கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பல வருடமாகப் படம் பிடித்து வருபவர். அவர் போன பின்புதான், 1981ல் கோட்டைக் கோயில் மூலவரான ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பியதைப் பற்றிய இழை ஓடியது. அந்த வாரம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அகழியைத் தாண்டிப் போய் விளக்கேற்றியதை ஓர் அம்மா எழுதியிருந்தார். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. இந்தச் செய்தியை, விலகிப்போன அந்த நண்பர் காட்பாடி ரயில் நிலையத்தில் வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறார். உடனே திரும்பச் சேர்த்துக்கொண்டோம். பழைய மடல்கள் அஞ்சல் பெட்டிக்கு வராது, ஆனால் குழுமப் பக்கத்தில் அப்படியே இருக்கும். உட்கார்ந்து அத்தனையும் படித்தார். இப்போது அவர் தொகுப்பில் இருக்கிறார்.

என் தவறு ஒன்றையும் பதிவு செய்கிறேன். கண்காட்சிக்கு வந்தவர்கள் வருகைக் குறிப்பேட்டில் எழுதிய முகவரிகளை, அவர்களைக் கேட்காமலே குழுவில் சேர்த்துவிட்டேன். ஆர்வமுள்ளவர்கள்தானே என்று நினைத்தேன். செய்திருக்கக் கூடாது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பெயர்களை எடுத்துவிட்டேன். இனி, தானாகக் கேட்டால்தான் சேர்ப்போம். விலகக் கேட்டவரை அன்றைக்கே விடுவிப்போம், காரணம் கேட்க மாட்டோம். நிர்வாகக் குழு இதை ஒருமனதாக ஏற்றிருக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள். போனைக் கொடுங்கள், வேண்டிய மாதிரி மாற்றிக் கொடுப்பார்கள். போன் கொண்டுவராதவர்கள் முகவரியையும் எந்த வகை வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள், நானே மாற்றிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களை முதலில் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்