‘ஓம்’ என்ற ஒரு சொல்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “அப்பா, இந்தமுறை நாட்டியைப் புதுப்பிக்காமல் விடுவமோ எண்டு யோசிக்கிறன்” என்றாய். அவுஸ்திரேலியாவில் உரைபெயர்ப்பாளராக நீ வேலை செய்ய வைத்திருக்கும் அந்தச் சான்றிதழை. பின்னால் சின்னவன் அழுதுகொண்டிருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தாயிற்று. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் களைப்பு எனக்கு விளங்குகிறது. மூன்று வருடத்துக்குள் 120 புள்ளி சேர்க்க வேண்டும், செய்த வேலைகளுக்குப் பதிவு காட்ட வேண்டும், ஒழுக்கநெறி வகுப்புக்குப் போனதற்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் காசும் கட்ட வேண்டும். கூப்பிட்ட நாளுக்கு மட்டும் சம்பளம் கிடைக்கிற தொழில். அதில் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இரவில் இருந்து பயிற்சி செய்கிறாய். “பிள்ளையை வருத்தாதேங்கோ” என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனாலும் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லத்தான் வேண்டும்.

நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் வேலைக்கு நான் ஒரே ஒரு தடவை சோதினை எழுதினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, உன் சிங்களம் எப்படி இருக்கிறது, இங்கிலீஷ் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிற மாதிரி முதலியார் என்று கூப்பிட்டார்கள். அந்த மரியாதையே எனக்குப் போதுமாயிருந்தது. எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். காலையில் மூதூர் மீனவர் தமிழில் சாட்சி சொல்லுவார். பிறகு வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த பொலிஸ்காரர் சிங்களத்தில். பின்னேரம் இங்கிலீஷில் எழுதிய வைத்திய அறிக்கை. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், அந்த மொழி விளங்காதவருக்கு அரசாங்கம் உரைபெயர்ப்புத் தரவேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்லுகிறது. அந்த உறுப்புரை கூண்டடியில் ஒரு மனிதராக வந்து நிற்கும்போது, அது நான்தான். மகாநாடுகளில் உடனுக்குடன் உரைபெயர்ப்பவர்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்களாம். எனக்கு மாற ஆள் இருந்ததில்லை.

அப்படி ஒரு நாள். எந்த நீதிமன்றம், எந்த வழக்கு என்பது வேண்டாம். எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக, வந்த சாட்சி ஒருவரை இங்கிலீஷில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். “எதிரி கடையில் இருந்தார் என்று சொல்கிறீர். நீர் அந்த நேரம் சந்தியில் இருக்கவில்லை, அப்படித்தானே?” என்பது கேள்வி. நான் தமிழில், “நீர் அந்த நேரம் சந்தியில இருக்கேல்லையா?” என்று கேட்டேன். அந்த மனிதர் “ஓம்” என்றார். நான் “யெஸ்” என்றேன். அடுத்த கேள்வி, “அப்படியென்றால் சந்தியில் இருந்திருக்கிறீர்?” அவர் குழம்பி, “இல்லை, நான் கடையில” என்றார். சட்டத்தரணி பிடித்துக்கொண்டார். ஒரு நிமிசத்துக்கு முன் ஓம் என்றீர், இப்போது இல்லை என்கிறீர் என்று. அந்தச் சாட்சி பொய்யர் மாதிரி நின்றார்.

அவர் சொன்ன ஓம், “ஓம், நான் இருக்கேல்லை” என்பது. தமிழில் அப்படித்தான் சொல்லுவோம். சாப்பிடேல்லையா என்று கேட்டால், ஓம் இன்னும் இல்லை என்கிறோம் அல்லவா? இங்கிலீஷில் அந்த இடத்தில் “நோ” வர வேண்டும். நானும் தமிழன்தான், அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பின்னேரம் நாலு மணி, தலை விறைத்துப்போய் இருந்தது, சொல்லுக்குச் சொல் தூக்கி வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது விளங்கியது. அடுத்த தவணையில் எழுந்து நின்று, “கனம் நீதிபதி அவர்களே, உரைபெயர்ப்பில் ஒரு திருத்தம்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருடச் சேவைக்காரன் பிழை விட்டான் என்று மற்றவர்களுக்கு முன் சொல்ல வாய் வரவில்லை. அந்த வழக்கின் தீர்ப்பு எதிரிக்கு எதிராகப் போனது. அந்த ஒரு சொல்லால்தான் போனது என்று நான் சொல்லமாட்டேன். அதனால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் நீ ஒரு வகுப்புக்குப் போய்வந்து சந்தோசமாய்ப் போன் எடுத்தாய், ஞாபகமிருக்கிறதா? “அப்பா, ‘இல்லையா’ எண்டு முடியிற கேள்விக்குத் தமிழாக்கள் ஓம் சொன்னா அப்பிடியே யெஸ் எண்டு சொல்லக்கூடாதாம். பிழை விட்டா உடனே எழும்பித் திருத்தம் எண்டு பதிவில சொல்லவேணுமாம். இதுக்கும் புள்ளி தாறாங்கள்!” நான் ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ என்ன நினைத்தாயோ தெரியாது. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

சிங்கராசா வழக்கைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1993இல் பிடிபட்டவர். சிங்களத்தில் தட்டச்சு அடித்த வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தவர், அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. உரைபெயர்த்தவர் விசாரித்த பொலிஸாரிலேயே ஒருவர். 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று சொன்னது. விசாரணைக்குச் சம்பந்தமில்லாத, தேர்ச்சி பெற்ற ஒருவரை அந்த அறையில் இருத்தியிருக்கலாம், இருத்தவில்லை. நீ இருக்கிற நாட்டில் அப்படி ஒருவரை இருத்துவதற்கு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அந்த ஒருவராக நீ இருக்கிறாய்.

இன்னொன்றும் யோசித்துப் பார். நீ இங்கிருந்து போய்ப் பதினாலு வருடம். உன் தமிழ் அந்த வருடத்துத் தமிழ். உன்னிடம் வருகிறவர்களோ யாழ்ப்பாணம், மலையகம், தமிழ்நாடு, மலேசியா. “முதலாம் எதிரி” என்று தமிழ்நாட்டுக்காரரிடம் சொன்னால் யாருக்கு நான் எதிரி என்று கேட்பார். விளக்கமறியல் என்றால் ரிமாண்ட் என்று அவருக்கு விளங்காது, பிணை அவருக்கு ஜாமீன். “அவர் என்னைப் பேசினவர்” என்று எங்கள் ஆள் சொன்னால் அவர் ஏசினார் என்று அர்த்தம். அதை அவர் என்னோடு கதைத்தார் என்று இங்கிலீஷில் போட்டால் வழக்கே வேறாகிவிடும். “பாதையிலதான் அவரைக் கண்டனான்” என்று ஒரு கிண்ணியாக்காரர் சொன்னால்? 2009இல் பாலம் திறக்கும்வரை அவர் ஏறிக் கடந்த பாதை ஒரு மிதவை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போனது. தெருவில் கண்டேன் என்று நீ சொல்லிவிட்டால் அவர் இல்லாத இடத்தில் நிற்பார்.

இதெல்லாம் ஒருமுறை படித்து வைத்துவிட்டால் அப்படியே இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் என்னிடம் ஒருவரும் கேள்வி கேட்கவுமில்லை. உன்னை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறார்கள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது, மகள்.

விட்டுவிட்டால் பிறகு திரும்பவும் சோதினை எழுத வேண்டி வரலாம் என்று நீயே சொன்னாய். அப்போது சின்னவன் ஓடித் திரிவான், உனக்கு இன்னும் நேரம் இருக்காது. செய்கிற வேலையை மூன்றாம் வருடக் கடைசியில் தேடிப் பொறுக்காமல், அன்றன்றைக்கே கொப்பியில் எழுது: திகதி, என்ன வழக்கு வகை, எத்தனை மணித்தியாலம். பேர் எழுதாதே. மருமகனிடம் கேட்டு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்கச் சொல்லு. அவர் மாட்டேன் என்று சொல்லுகிறவர் இல்லை, நீதான் கேட்பதில்லை.

என் பங்குக்கு நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிவிட்டேன். நேற்று பின்னேரம் மூதூருக்குப் போய் பழைய சிநேகிதர் ஒருவரின் கடையில் இருந்து, வந்து போகிறவர்கள் கதைப்பதைக் கேட்டு எழுதினேன். 23 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலீஷுக்கு இடம் விட்டிருக்கிறேன், அதை நீதான் நிரப்ப வேண்டும். அடுத்த புதன்கிழமை உன் இரவு எட்டு மணிக்குப் போன் எடுக்கிறேன். நான் சாட்சியாய்க் கதைக்கிறேன், நீ உரைபெயர். இல்லையா என்று முடிகிற கேள்விகளாகப் பார்த்து அம்மா கேட்பாள். அவளுக்கு நான் எல்லாம் சொல்லிவிட்டேன்.

சான்றிதழ் எந்தத் திகதியோடு முடிகிறது என்று வட்ஸ்அப்பில் அனுப்பு. கலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா