பங்காளிகள் கூட்டமும் ஏதுப்போலியும்

கானாடுகாத்தான்

அன்புள்ள தெய்வானைக்கு,

உமையாள் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, கணக்கு சரியாகிவிட்டது. முழங்கால் வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முகப்பில் பங்காளிகள் கூட்டம். வீட்டை இடித்துத் தூண், கதவு, நிலையெல்லாம் விலைக்குப் போடுவதா, கூரை ஓடுகளை மாற்றிக் காப்பாற்றுவதா என்று பேச்சு. சிங்கப்பூர்க்காரர் செல்போனில் வந்தார். நான் காபி கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றேன். பேசியவர்கள் வாயிலிருந்து வந்ததெல்லாம் மணிமேகலையின் 29ஆம் காதையாகவே கேட்டது எனக்கு. நம் தமிழம்மா "இது உங்களுக்கு வேண்டாம்" என்று தாண்டிப் போனார்களே, அந்தக் காதைதான். இரண்டு மாதமாக அதில்தான் கிடக்கிறேன்.

தெய்வானை, அதைப் பாடம் என்று தள்ளியது எவ்வளவு அநியாயம்! காஞ்சியில் இளம்பெண் மணிமேகலையை உட்காரவைத்துப் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் முழுவதையும் சொல்லித்தருகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. நிறுவ வேண்டியது பக்கம், அதற்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம், மூன்றே உறுப்பு. நியாய சூத்திரம் என்ற வடமொழித் தருக்க நூலைப் பின்பற்றுகிறவர்கள் சொல்லும் மற்ற இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்கிறார். பிறகு தப்பான வாதங்கள்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் வழிவந்த நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலிலும் இதே கணக்குத்தான். அந்தத் திக்நாகரே காஞ்சிப் பக்கத்துக்காரர் என்று திபெத்தியர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இப்போது கூட்டத்துக்கு வா. பெரிய வீட்டு அண்ணன், "பழைய வீடு, அதனால் இடிந்துவிடும்" என்றார். பழமை இடிந்த வீட்டிலும் இருக்கிறது, இடியாமல் நிற்கும் இளையாற்றங்குடிக் கோயிலிலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் இருக்கிற ஏது எதையும் நிறுவாது. அநைகாந்திகம் என்பது இதுதான். புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று, அண்ணன் மாதிரி, திருப்பிவிட முடியுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை எங்கே என்று தருக்க சங்கிரகம் என்ற வடமொழி நூல் கேட்கிறது. சிவஞான முனிவர் அதைத் தமிழில் தந்திருக்கிறார், கிடைத்தால் படி.

அடுத்து, உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். ஒருவரும் ஏணி வைத்துப் பார்க்கவில்லை. கீழே தூள் கிடக்கிறதாம். அது மரத்தூளா, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்ததா? ஆவியா பனியா என்று சந்தேகத்திலேயே நின்றுகொண்டு, புகைதான், ஆகவே நெருப்பு உண்டு என்று துணிவதைச் சித்தாசித்தம் என்கிறது மணிமேகலை. படித்தபோது சாதாரணமாக இருந்தது. பர்மாத் தேக்கு உத்தரத்துக்குக் கீழே நின்று கேட்டபோது நெஞ்சு படபடத்தது.

நான் வாய் திறந்து, "இது பொது வீடு, எல்லாரும் கலந்து செய்யுங்கள்" என்றேன். சின்னவர் உடனே, "பொது என்று ஆச்சியே சொல்லிவிட்டார்கள், அப்போ இது யார் வீடும் இல்லை" என்றார். சொன்ன சொல்லுக்கு வேறு பொருள் கொடுத்து மடக்குவதைச் சலம் என்று நியாய சூத்திரம் எழுதிய கௌதமர் (புத்தர் இல்லை) தனியாக வகுத்துவைத்திருக்கிறார். நீ உன் மருமகளிடம் ஜெயிக்கிற வழியும் அதுதான், எனக்குத் தெரியாதா? அதோடு விட்டாரா? யார் எதைச் சொன்னாலும் உடைத்தார். தனக்கென்று ஒரு யோசனையும் வைக்கவில்லை. கடைசியில் பெரிய வீட்டு அண்ணனைக் கணக்குக் கேட்டதும், அண்ணன் ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். வேறு வேலை என்று சாக்குச் சொல்லி வாதத்தை முறிப்பது விட்சேபம். வாதத்தில் தோற்றதாக வைக்கும் 22 தோல்வித்தானங்களில் அதுவும் ஒன்று.

எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. பயம்தான். அந்த வீட்டில் என் மாமியார் கட்டிக்காத்த ஒவ்வொரு பொருளும் தப்பான ஏதுவால் லாரி ஏறிவிடும். விலைக்குப் போனால் போகட்டும், ஆனால் சரியான காரணத்துக்காகப் போகட்டும். பொறாமை இல்லாமல், நன்மை தேடுகிறவர்களோடு வாதம் செய் என்கிறது நியாய சூத்திரம். மற்ற முரட்டு வாதங்களெல்லாம் முளையைக் காக்கிற முள்வேலி மாதிரியாம். நம் முகப்பில் அன்றைக்கு வேலி மட்டும்தான் இருந்தது.

பங்குனியில் மறுபடி கூடுகிறார்கள். அதற்குள் ஆசாரியை வரவழைத்து உத்தரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் அப்படியே சபையில் வைப்பேன், அரித்திருந்தால் அதையும். நீ வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும், எனக்காகப் பேச வேண்டாம். வரும்போது உன்னிடம் இருக்கும் நீலகேசி என்ற சமணக் காப்பியத்தைக் கொண்டுவா; அதன் நாயகி நீலகேசி ஊர் ஊராகப் போய் வாதம் செய்த பகுதிகளை அதற்குள் படித்துவிட வேண்டும். கவுனி அரிசி எடுத்துவைத்திருக்கிறேன், திரும்பும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
உமையாள்