சேகரின் கடிகாரம் தாமதமான கதை

தஞ்சாவூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகருக்கு,

உன் எச்.எம்.டி ஜனதா கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரமாக ஸ்பேர் கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பாதிதான் உண்மை. கடிகாரம் பார்க்க நான் கண்ணில் மாட்டுகிற லென்ஸும் நல்ல ட்வீசரும் கடையில் இல்லை, வீட்டில் கிடந்தன. என் மகள் நிலா தலையில் பேன்.

சிரிக்காதே. ஐந்தாம் வகுப்பில் உனக்கு வந்தபோது உங்கப்பா சலூனுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டு, சமயபுரத்து வேண்டுதல் என்று தெரு முழுக்கச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவளுக்கு அப்படிச் செய்ய முடியுமா? இடுப்பு வரைக்கும் முடி. "மொட்டை" என்று அம்மா வாயெடுத்ததுமே கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மனைவி சாந்தி தருமபுரிப் பக்கம் வேலைக்குப் போனதிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் வருகிறாள். காலையில் இரட்டைச் சடை பின்னுவது என் வேலை. ஒரு சடை கிழக்கே, ஒன்று மேற்கே என்று போகும். அந்த லட்சணத்தில் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எங்கே பார்ப்பது? பள்ளிக்கூட டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தபிறகுதான் தெரிந்தது. "தலையில் பேன் அதிகம். சுத்தம் செய்து அனுப்பவும்." 'சுத்தம்' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, ஈர் பொரிந்து பேனாக ஏழிலிருந்து பத்து நாள் வேண்டும். பேன் பெருமாளாக ஒரு டைரி போதும்.

முதலில் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். சீயக்காய் போட்டு மூன்று நாள் தொடர்ந்து தலைக்கு ஊற்றினேன். பேன் அசையவில்லை, நிலாவுக்குச் சளிதான் பிடித்தது. தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பேன் சாகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா மண்ணெண்ணெய் என்றாள். நெருப்புப் பக்கம் போகிற பிள்ளை, வேண்டாம் என்றேன். எதிர்வீட்டு அக்கா சீதாப்பழக் கொட்டையை அரைத்துத் தேய்க்கச் சொன்னார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. கொட்டையைக் காயவைத்துப் பொடித்தும்விட்டேன். நல்லவேளை, சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் குழிதோண்டிப் புதைத்தேன்.

அவர் எழுதிக்கொடுத்தது பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். தலையை அலசித் துவட்டிவிட்டு, ஈரம் இருக்கும்போதே தடவி, பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். ஒன்பதாம் நாள் இன்னொரு முறை. ஏன் இரண்டு முறை என்றால், மருந்து ஈரை முழுக்கக் கொல்லாது. தப்பியது பொரிந்து வெளியே வரும், ஆனால் முட்டை வைக்கிற வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் பிடித்துவிட வேண்டும். விட்டால் ஒரு பெண் பேன் நாளைக்கு ஏழெட்டு ஈர் வைக்கும். வீட்டில் எல்லார் தலையையும் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கும் இருந்தது. சாந்திக்குப் போன் செய்தால், "எனக்கும் ரெண்டு நாளா அரிக்குதுங்க, தண்ணி மாத்தம்னு நெனச்சேன்" என்கிறாள். நான் ஒருத்தன்தான் தப்பித்தேன். வழுக்கைக்கும் ஒரு காலம் வரும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் இல்லையா?

மருந்தைவிடச் சீப்புதான் பெரிய வேலை. நாள் விட்டு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வாசல் லைட்டுக்குக் கீழே என் பழைய வெள்ளை வேட்டியை விரித்து உட்காருவோம். கண்டிஷனரைக் குழைத்துத் தடவி, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டையோடு ஒட்ட வைத்து நுனிவரை இழுக்க வேண்டும். வேட்டியில் எள் விழுந்த மாதிரி விழும், அப்புறம் அந்த எள் நடக்கும். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஆறு கால், ஒவ்வொன்றின் முனையிலும் கொக்கி. மயிரைச் சுற்றிப் பிடிக்கவென்றே செய்த கொக்கி. கடிகாரத்தின் பேலன்ஸ் வீல் எடுக்கிற ட்வீசரால் பிடித்து இழுத்தாலும் முடியை விடாமல் தொங்குகிறது. இறக்கை இல்லை, குதிக்கவும் தெரியாது. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு நடந்துதான் போக வேண்டும்.

ஈரில் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பேன் மண்டையை ஒட்டித்தான் ஈர் வைக்கும். ஆக, மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது மூன்று மாதத்துக்கு முந்தியது, வெறும் கூடு. அதை உருவிப் பிள்ளையை அழவைக்க வேண்டியதில்லை. மண்டையோரம் பழுப்பாக இருப்பதுதான் ஆபத்து. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நாங்க ஸ்கேல் வச்சா பார்த்தோம்?" என்றாள். ஆனால் அதே கணக்கை அவள் கண்ணாடி போடாமல் விரலாலேயே போடுகிறாள்.

நீ வரலாற்று வாத்தியார், உனக்குப் பிடிக்கும் என்று இதை எடுத்துவைத்தேன். இஸ்ரேலில் லாகீஷ் என்ற இடத்தில் 2016-ல் ஒரு யானைத்தந்தச் சீப்பு கிடைத்தது. தீப்பெட்டியைவிடச் சின்னது. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு பருத்த பல், மறுபக்கம் பேனுக்குப் பதினான்கு நெருக்கமான பல். அதில் கீறியிருந்த 17 எழுத்துகளைப் பிறகுதான் கவனித்து, 2022-ல் படித்துச் சொன்னார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரோடு பிடுங்கட்டும் என்று எழுதியிருக்கிறதாம். அந்த வட்டாரத்தின் பழைய அகரவரிசையான கானானிய எழுத்தில் கிடைத்த முதல் முழு வாக்கியம் இதுதான், 3,700 வருடப் பழசு. தந்தத்தில் சீப்பு வைத்திருந்தவன் ஏழையா என்ன? 'சுத்தம் செய்து அனுப்பவும்' என்று அவனுக்கு யார் எழுதியிருப்பார்கள்?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டைரியில் எழுதிய அன்றே நிலாவைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள், நான்கு நாள். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் சீப்பு போடும்போது, முகம் தெரியாமல் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் சொன்னாள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட வேனில் பக்கத்து சீட் பிள்ளையின் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. "அவளையும் பின்னாடி போட்டுடுவாங்கப்பா." முதல் தடவை பேன் வந்தால் அரிக்க ஆரம்பிக்கவே நாலைந்து வாரம் ஆகலாம் என்றார் டாக்டர். அப்படியென்றால் கண்டுபிடிக்கும்போது அது ஏற்கெனவே ஒரு மாதம் வகுப்போடு உட்கார்ந்திருக்கிறது. இனி பெஞ்சை மாற்றி என்ன புண்ணியம்? உன் வகுப்பில் வந்தால் நீ அப்படிச் செய்யாதே. பெற்றவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல், எல்லார் வீட்டிலும் ஒரே சனி ஞாயிறில் சீப்பு போடச் சொல்.

இப்போது இரண்டு வாரமாக வேட்டி வெள்ளையாகவே இருக்கிறது. சாந்திக்கும் மருந்து ஆயிற்று. மே மாத இடமாறுதல் கலந்தாய்வில் அவளுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் காலியிடம் எதுவும் தெரிந்தால் சொல்லு.

கடிகாரத்தைக் கூரியரில் அனுப்பப் பயமாக இருக்கிறது, கண்ணாடி பழசு. நேரில் வந்து வாங்கிக்கொள். தினம் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடு, முழுக்க இறுக்காதே. லென்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டது, ட்வீசர் மட்டும் இன்னும் நிலாவிடம் இருக்கிறது, கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
ரவி