விழுந்த பெரியவரை உடனே தூக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் வயதானவர் வழுக்கி விழுந்தால், நாலு பேர் ஓடிப்போய் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் "என்ன ஆச்சு?" என்று கேட்கிறோம். இடுப்பில் கீறலாக இருந்த முறிவு அந்தத் தூக்கலிலேயே விலகிவிடலாம்.

கிடந்த இடத்திலேயே பேச்சுக் கொடுங்கள். பதிலும் இல்லை, மூச்சும் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒரு நிமிடம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தாண்டினால் ஆபத்து. நாடியை மட்டும் நம்பாதீர்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் துடிப்பு ஏறாமல் இருக்கலாம்.

அடுத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பு மூட்டுப் பக்கம் தொடையெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். காலை நேராக்க வேண்டாம். தலையணையை அண்டக் கொடுத்து அப்படியே விடுங்கள். முறிவு விலகாவிட்டால் கால் சாதாரணமாகத்தான் தெரியும், சிலர் நொண்டி நடக்கவும் செய்வார்கள். கவட்டையில் வலி என்றால் எக்ஸ்ரேதான். தைலமும் நீவலும் அல்ல. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காபி, சோடா எதுவும் வேண்டாம்.

சர்க்கரை குறைந்து விழுந்தவருக்கு மட்டும் விலக்கு. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் காட்டி, நினைவும் தெளிவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வாய் கோணி, ஒரு கை தொய்ந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அது நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு.

வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றே ஸ்கேன் அவசியம். மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தலைகாட்டும். தூங்கிவழிவார், பேச்சு மாறும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்பார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது மருந்துச் சீட்டு மட்டும் போதாது, மாத்திரைப் பையையே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர், திருச்சி