புரண்டு படுக்க எழுந்து உட்கார வேண்டாம்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ராத்திரி புரள முடியவில்லை, புரண்டால் அடிவயிற்றுக்குக் கீழே சுருக்கென்று பிடிக்கிறது என்று நேற்று போனில் சொன்னாய். இது வாயால் சொல்லி விளங்கும் விஷயம் இல்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அத்தை சொன்னதை எடுத்துக்கொள்வோம். எழுந்து உட்கார்ந்து, திரும்பி, பிறகுதான் மறுபக்கம் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொப்புள்கொடி வயிற்றுப் பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் கொடி சுற்றுவது குழந்தை பனிக்குடத்துக்குள் தானே உருண்டு புரள்வதால். நீ எப்படிப் புரண்டாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாலைந்து பிரசவத்தில் ஒரு குழந்தை கொடி சுற்றித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்து விட்டுவிடுவார்கள். 31 வாரத்து வயிற்றோடு ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் கெடும். அதிலும் மல்லாந்த நிலையிலிருந்து நேரே எழுந்தால் வயிற்றின் நடுவில் கூரை மாதிரி முட்டிக்கொண்டு வரும். அங்கே தசை ஏற்கெனவே விலகியிருக்கிறது, அதை மேலும் இழுக்கக் கூடாது.

வலிக்குக் காரணம் இதுதான். இடுப்பு எலும்பு முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் இரண்டு இடத்திலும் மூட்டாகச் சேர்கிறது. கர்ப்பத்தில் அந்த மூட்டுகளின் கட்டு தளரும். தோளை முதலில் திருப்பி, இடுப்பு அங்கேயே கிடந்து, பிறகு ஒரு காலை மட்டும் தூக்கிப் போட்டால் மூன்று மூட்டும் ஆளுக்கொரு பக்கம் திருகும். கட்டில் தலைமாட்டைப் பிடித்து இழுத்தாலும், மாப்பிள்ளை கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாலும் நடப்பது இதே திருகல்தான்.

அதனால் முழங்கால் இரண்டும் பிரியாமல், தோளும் இடுப்பும் மரக்கட்டை உருள்வது போல ஒன்றாகத் திரும்ப வேண்டும். இடப்பக்கம் படுத்திருக்கிறாய் என்று வை. முதலில் ரஜாயை, அந்தப் பஞ்சுப் போர்வையை, தள்ளிவிடு. இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். டெல்லிக் குளிருக்குப் போர்த்துகிற அந்தக் கனத்தோடு புரண்டால், பாதி பலம் அதைத் தூக்கவே போய்விடும். முழங்கால் இரண்டையும் மடக்கி, நடுவில் இருக்கும் தலையணையை எடுக்காமல் அப்படியே இறுக்கிக்கொள். மேலே இருக்கும் வலது கையை வயிற்றின் மேல் வை. மூச்சை இழுத்து, மெதுவாக விட ஆரம்பிக்கும்போதே சிறுநீரை அடக்குவது போல அடிப்பகுதியைச் சற்று இறுக்கி, முழங்காலும் இடுப்பும் தோளும் தலையும் ஒரே நேரத்தில் மல்லாந்த நிலைக்கு வரட்டும். அங்கே இரண்டு பாதத்தையும் மெத்தையில் சமமாக ஊன்றி, இடுப்பை ஒரு விரல்கடை உயர்த்திக் கட்டிலின் நடுப்பக்கமாக நகர்த்து. பிறகு முழங்கால்களைச் சேர்த்தபடியே வலப்பக்கம் சாய்ந்துவிடு. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே எகிறாக எகிறினால் தொடைஇடுக்கில் பளிச்சென்று இழுக்கும். கர்ப்பப்பையைத் தாங்கும் நார் திடீரென விறைப்பதால் வருவது அது. மெதுவாகச் செய்தால் வராது.

மல்லாந்து படுத்தால் முதுகெலும்புக்கு அருகில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அழுந்தும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அது அப்படியே தூங்கிப்போவதைப் பற்றியது. 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத்தான் தூங்க ஆரம்பிக்க வேண்டும். புரளும்போது மல்லாந்து கடக்கும் சில நொடிகளால் ஒன்றும் ஆகாது. நடு ராத்திரி மல்லாந்தபடி விழித்தாலும் பதறாதே, ஒருக்களித்துக்கொண்டு தூங்கு. இடப்பக்கம்தான் என்றும் இல்லை, வலமும் சரிதான். நெஞ்செரிச்சல் இருக்கும் நாளில் மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் இதமாக இருக்கும்.

இப்படியும் வலித்தால் மல்லாக்க வராமல் அடிப்பக்கமாகத் திரும்பு. படுத்த பக்கத்திலிருந்து கையை ஊன்றி, குழந்தை தவழ்வது போல நாலு காலில் நின்று, மறுபக்கம் இடுப்பை மெல்ல இறக்கிப் படுத்துக்கொள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். முன்பக்க மூட்டு வலிக்கு இதுதான் பலருக்கும் ஒத்துவருகிறது.

துணி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பாதி வேலை அதில் இருக்கிறது. பருத்தி நைட்டி பருத்தி விரிப்பில் ஒட்டிக்கொண்டு தொடைக்கு அடியில் முறுக்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் சாட்டின் துணி வாங்கி, தோளிலிருந்து முழங்கால் வரை வருகிற மாதிரி விரிப்பின் மேல் நாலு ஓரமும் தைத்துவிடு. வெறுமனே போட்டால் சுருண்டுவிடும். கட்டில் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளியே தை. ஓரம் வரை வந்தால் எழுந்து உட்காரும்போது வழுக்கிக் கீழே இறக்கிவிடும். குதிகால் படும் இடமும் பருத்தியாகவே இருக்கட்டும், ஊன்றப் பிடிப்பு வேண்டும். சாட்டின் விரிப்பின் மேல் சாட்டின் நைட்டி மட்டும் வேண்டாம்.

உங்கள் மெத்தை நீ படுக்கும் இடத்தில் குழிந்திருந்தால் அதற்குள்ளிருந்து புரள்வது மேடு ஏறுகிற வேலை. தலை கால் மாற்றிப் போடச் சொல். அதுவும் போதாவிட்டால் குழிக்கு நேர் அடியில் கம்பளியை மடித்து வைக்கலாம். முழங்காலுக்கு நடுவில் வைக்கும் தலையணை கணுக்கால் வரை நீள வேண்டும். சின்னதாக இருந்தால் மேல்கால் பாதம் கீழே தொங்கி, விடிய விடிய இடுப்பைத் திருகும். வயிற்றுக்கு அடியில் பழைய நூல் புடவையை நாலாக மடித்துக் கொடுத்தால் போதும். கடையில் விற்கும் அந்தப் பாம்பு மாதிரித் தலையணைக்குக் காசைக் கொட்டாதே. புரளும்போதெல்லாம் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளைக்குத் தனிப் போர்வை கொடுத்துவிடு. உதவி செய்கிறேன் என்று அவர் வந்தால், ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து இரண்டையும் சேர்த்துத் தள்ளச் சொல்.

பாத்ரூம் போய்வரும்போது எப்படியும் எழுகிறாய், திரும்பி வந்து மறுபக்கமாகப் படுத்தால் ஒரு புரளல் மிச்சம். எழும்போது ஒருக்களித்து, கால் இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழு. கால் நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது விரலைக் கீழே குத்தாதே, கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும்.

நடக்கவே முடியாத அளவு வலித்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார். ரத்தமோ நீரோ கசிந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

நாளைப் பகலில் இரண்டு பக்கமும் நாலு தடவை செய்து பழகிக்கொள். தூக்கக் கலக்கத்தில் பழகாத எதுவும் வராது. அத்தையிடம் நீ வாதம் பண்ண வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா