பேடல் பரிசுப் பணம் எந்த நாட்டுக்குப் போகிறது? கூட்டமைப்புக்கும் பிரீமியர் பேடலுக்கும் ஒரு திறந்த மடல்

சர்வதேச பேடல் கூட்டமைப்பின் தலைவர் லூயிஜி கரரோ அவர்களுக்கும், தொழில்முறைப் போட்டித் தொடரான பிரீமியர் பேடலின் நிர்வாகத்தினருக்கும், ஆண்கள், பெண்கள் ஆட்டக்காரர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

கண்ணாடிச் சுவர்களுக்குள் மட்டை பிடித்து ஆடும் பேடலில், தொழில்முறைப் பரிசுப் பணத்தின் பெரும்பங்கை ஸ்பெயின், அர்ஜென்டினா ஆட்டக்காரர்களே அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது நீண்ட நாள் குறை. அது பொய்யில்லை. 1992இல் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் பிரிவானாலும் பெண்கள் பிரிவானாலும், இந்த இரண்டு நாடுகளைத் தவிர வேறு எவரும் கோப்பையைத் தூக்கியதில்லை. கோப்பை அங்கே இருந்தால் காசோலையும் அங்கேதான் போகும்.

இதற்கு மருந்தாக நாடு வாரியான ஒதுக்கீட்டைச் சிலர் கேட்கிறார்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. பரிசு என்பது களத்தில் ஜெயித்தவருடையது. கால் இறுதியில் தோற்ற பிரான்ஸ் ஜோடிக்கு ஒரு தொகை, அதே கட்டத்தில் தோற்ற ஸ்பெயின் ஜோடிக்கு வேறு தொகை என்று வந்துவிட்டால், அன்றோடு தொழில்முறை ஆட்டம் முடிந்தது. எங்கள் கோரிக்கை வேறு. யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை முதலில் சரியாக எண்ணுங்கள். பிறகு அட்டவணையின் அடித்தட்டில் பணத்தைக் கூட்டுங்கள்.

எண்ணுவதே எளிதில்லை, ஏனென்றால் பேடல் எப்போதும் இரட்டையர் ஆட்டம். ஆண்களில் முன்னணி ஆட்டக்காரரான தாபியா அர்ஜென்டினாக்காரர், அவருடைய ஜோடி கோயெயோ ஸ்பெயின்காரர். காலனும் சிங்கோட்டோவும், பெண்களில் ட்ரியாயும் ப்ரேயாவும் அப்படியே. உச்சியில் இருக்கும் ஜோடிகளே கலப்பு ஜோடிகளாக இருக்கும்போது, ஒரு பட்டத்தின் தொகையை முழுதாக இரண்டு நாடுகளின் கணக்கிலும் ஏற்றினால் கூட்டல் நூற்றைத் தாண்டிவிடும். பாதி பாதியாகப் பிரிப்பதுதான் முறை. பரிசு அட்டவணையில் உள்ள தொகை ஆளுக்கா, ஜோடிக்கா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அது தெளிவாக இல்லையென்றால் வெளியில் சுற்றும் கணக்குகளில் இரண்டு மடங்கு பிழை வந்துவிடும்.

இன்னொரு சிக்கல், பாஸ்போர்ட்டும் வசிப்பிடமும் ஒன்றாக இல்லாதது. அர்ஜென்டினாவின் முன்னணி ஆட்டக்காரர்களில் பலர் வருடத்தின் பெரும்பகுதியை ஸ்பெயினில் கழிக்கிறார்கள். பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், ஸ்பான்சர் எல்லாம் அங்கேதான். 183 நாளுக்கு மேல் தங்கினால் வரியும் அங்கேதான். பெயருக்குப் பக்கத்தில் அர்ஜென்டினாக் கொடி இருக்கும், பணம் மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ செலவாகும். ஆகவே குடியுரிமை வாரியாக ஒன்று, வரிக்குடியிருப்பு (வரி கட்டும் நாடு) வாரியாக ஒன்று என இரண்டு பத்திகள் வேண்டும். தனிநபர் பெயர் தேவையில்லை, நாட்டு மொத்தம் போதும்.

வரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாடு பார்த்து பரிசு குறைவது உண்மையில் இங்கேதான். விளையாட்டு வீரரின் வருமானத்துக்கு, ஆட்டம் நடந்த நாடே முதலில் வரி போடலாம் என்பது நாடுகளுக்கிடையிலான வரி ஒப்பந்தங்களின் பொது விதி. ஸ்பெயினில் வசிக்காதவர்களுக்கு அங்கே இரண்டு விகிதங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலோ வசிப்பவருக்கு 19 சதவீதம். மற்றவர்களுக்கு 24. விகிதத்தைவிடப் பெரிய வித்தியாசம் செலவுக் கழிவில் இருக்கிறது. முதல் வகையினர் அந்த வருமானத்துக்காகச் செய்த செலவை ரசீது காட்டிக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையினர் மொத்தத் தொகைக்கே வரி கட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு, முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,000 யூரோ, பயணமும் தங்கலும் 700 யூரோ என்று வைத்துக்கொள்வோம். போர்ச்சுகலின் லிஸ்பனில் வசிப்பவர் மிச்சமுள்ள 300க்கு 19 சதவீதம், அதாவது 57 யூரோ கட்டுகிறார். கையில் 243 நிற்கும். பியூனஸ் அயர்ஸில் வசிப்பவர் 1,000க்கு 240 கட்டுகிறார். கையில் 60. அதுவும் இருவருக்கும் ஒரே செலவு என்று வைத்துப் போட்ட கணக்கு. அட்லாண்டிக்கைத் தாண்டி வருபவருக்கு 700இல் விமான டிக்கெட்கூட வராது. ஒப்பந்தம் இருந்தால் சொந்த நாட்டு வரியில் இதை ஈடுகட்டலாம்தான். ஆனால் அங்கே கட்ட வேண்டிய வரியே இல்லாத அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு ஈடுகட்ட என்ன இருக்கிறது? கத்தாரின் தோஹாவில் தனிநபர் வருமான வரி இல்லை. ஒரே காசோலை தோஹாவில் ஒரு மதிப்பு, ஸ்பெயினில் வேறு மதிப்பு.

சட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது. நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: ஒவ்வொரு போட்டியின் தகவல் தாளிலும் பிடித்தம் செய்யும் விகிதத்தையும் அதற்குத் தேவையான வசிப்பிடச் சான்றிதழையும், சான்றிதழை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சான்றிதழ் ஒரு வாரம் தாமதமானதால் கூடுதல் விகிதத்தில் பிடித்துவிட்டால், அதைத் திரும்ப வாங்க ஒரு வரி ஆலோசகர் வேண்டும். பிடித்தம் செய்ததற்கான சான்றையும் காசோலையோடு சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது அட்டவணையின் வடிவம். 32 ஜோடிகள் ஆடும் பிரதான சுற்றில் பாதிப்பேர், அதாவது 16 ஜோடிகள், முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டுகிறார்கள். மொத்தம் 1,00,000 யூரோ என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதிரி போடுவோம். சாம்பியன் ஜோடிக்கு 20,000, இரண்டாமிடத்துக்கு 12,000, அரை இறுதியில் தோற்ற இரண்டு ஜோடிக்குத் தலா 7,000, கால் இறுதியில் தோற்ற நான்கு ஜோடிக்குத் தலா 4,000, அதற்கு முந்தைய சுற்றில் எட்டு ஜோடிக்குத் தலா 2,200, முதல் சுற்றில் 16 ஜோடிக்குத் தலா 1,275. கூட்டினால் சரியாக லட்சம்.

இப்போது சாம்பியனுக்கு 18,000, பிறகு 11,000, 6,500, 3,800, 2,150 என்று மேலிருந்து லேசாகக் குறைத்துப் பாருங்கள். 25,600 யூரோ மிஞ்சும். 16 ஜோடிக்குப் பிரித்தால் தலா 1,600. சாம்பியனுக்குப் பத்து சதவீதம் குறைகிறது, முதல் சுற்றில் தோற்றவருக்கு இருபத்தைந்து சதவீதம் கூடுகிறது. மொத்தத் தொகை ஒரு யூரோகூட ஏறவில்லை. போர்ச்சுகல், இத்தாலி, பிரேசில், பெல்ஜியம் ஆட்டக்காரர்களில் பலர் நிற்பது இந்தப் படியில்தான். கொடியைப் பார்க்காமலே அவர்களுக்குப் பணம் போய்ச் சேர இதைவிட நேரான வழி எங்களுக்குத் தெரியவில்லை. தகுதிச்சுற்றில் கடைசி ஆட்டத்தில் தோற்றவருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

சாம்பியன்களின் அடிமடியில் கை வைப்பதாக ஆட்டக்காரர் சங்கங்கள் நினைக்க வேண்டாம். முன்னணியினருக்கு ஸ்பான்சர் வருமானம் இருக்கிறது. நூறாவது இடத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் காசோலைதான் வருமானம்.

தரவரிசை பார்க்காமல் நேரடியாகக் கொடுக்கும் இடமான வைல்டு கார்டு பற்றிச் சுருக்கமாக. போட்டி நடத்தும் ஊர்க்காரருக்கு அதைக் கொடுப்பதால் அந்த நாட்டின் கணக்கில் ஒரு முதல் சுற்றுத் தொகை ஏறும். ஆனால் 6-1, 6-1 என்று தோற்று வெளியேறும் ஜோடிக்கு அடுத்த வாரம் ஆடப் போட்டி இல்லையென்றால் அதனால் பயனில்லை. அந்த இடத்தை அதே வட்டாரத்தில் நடக்கும் ஒரு தகுதிப் போட்டியின் வெற்றியாளருக்குக் கொடுங்கள். 2024இல் அசுன்சியோன், மார் டெல் பிளாட்டா, சாண்டியாகோ எனத் தென் அமெரிக்காவில் போட்டிகளை ஒட்டி ஒட்டி வைத்தது நல்ல ஏற்பாடு. ஒரே டிக்கெட்டில் மூன்று வாரம் ஆடலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.பி.) கீழ்மட்டப் போட்டிகளையும் இப்படிக் கொத்தாக வையுங்கள். புள்ளிகள் கிடைக்கும் இடம் பக்கத்தில் இல்லாதவர் தரவரிசையில் ஏற முடியாது, தரவரிசை இல்லாதவருக்குப் பிரதான சுற்றில் இடமில்லை.

டென்னிஸில் இதற்கு இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன, இரண்டும் தனித்தனிப் பைகள். வளரும் நாட்டு ஆட்டக்காரர்களுக்கான கிராண்ட்ஸ்லாம் நிதி 1986 முதல் உண்டு. அது பரிசுப் பணத்தைத் தொடுவதில்லை. ஆண்கள் டென்னிஸ் சங்கமான ஏ.டி.பி. 2024இல் தொடங்கிய திட்டம் நாட்டைப் பார்க்காமல் தரவரிசையை மட்டும் பார்த்தது: முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 என்று வருடத்துக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு உறுதி தந்தது. ஆட்டத்தில் வந்தது குறைந்தால் மீதியைச் சங்கம் போடும். பேடலில் அந்தத் தொகைகள் கட்டுப்படியாகாது. முதல் 60 ஆண்கள், 60 பெண்களுக்கு ஒரு சிறிய உறுதித் தொகையிலிருந்து தொடங்கலாம்.

2025இல் ஸ்பெயினின் கிஹோன் நகரில் நடந்த போட்டியை முன்னணி ஆண் ஆட்டக்காரர்கள் புறக்கணித்தபோது, விதிகளையும் அட்டவணையையும் பற்றிய பேச்சு மேசைக்கு வந்தது. அதே மேசையில் பரிசுப் பங்கீட்டையும் வையுங்கள். அடுத்த சீசனின் பரிசு அட்டவணையை இறுதி செய்யும் முன், கடந்த சீசனின் கணக்கை ஒவ்வொரு போட்டிக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும், குடியுரிமை, வரிக்குடியிருப்பு என்ற இரண்டு பத்திகளோடு, வரிக்கு முன்னும் பின்னும் உள்ள தொகையோடு வெளியிடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அட்டவணைகளாக அவை வரட்டும்.

இப்படிக்கு,
பேடல் பரிசுக் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் வாசகர்கள்